கட்டி வைத்த படகில் பேட்டரி இறங்கிவிடுகிறது. மீட்டரோ 22 மில்லி ஆம்பியர்தான் காட்டுகிறது

கடல்வழியன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களாகத் தீராத ஒரு சிக்கலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எந்த விவரம் பயன்படும், எது பயன்படாது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 8 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. டீசல் இன்ஜின் உள்ளேயே பொருத்தப்பட்டது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு உள்ளன. ஒன்று செல்ஃப் மோட்டாருக்கு மட்டுமானது. மற்றது விளக்குகள், பாட்டுப் பெட்டி, வி.எச்.எஃப். ரேடியோ, மீன் தேடும் கருவி, படகின் அடிக்குழியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் என்று மீதி அனைத்துக்குமானது. 100 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் சாதாரண ஈய அமில பேட்டரி. படகைக் கட்டும் இடத்தில் கரை மின்சாரம் கிடையாது. சோலார் தகடும் இல்லை. இறங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போகிறேன். இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

செல்ஃப் பேட்டரிக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது பேட்டரிதான் இறங்கிவிடுகிறது. ஒன்பது நாள் கழித்து வந்து பார்த்தால் சில தடவை 12.5 வோல்ட் இருக்கிறது. சில தடவை 11.7க்கு வந்து, பில்ஜ் பம்ப் முனகுவதற்குக்கூடச் சத்தில்லாமல் கிடக்கிறது. அதே ஒன்பது நாள், அதே படகு, அதே சுவிட்ச். இந்த ஒழுங்கின்மைதான் என்னைக் குழப்புகிறது. மின்னோட்டம் கசிகிறது என்றால் எப்போதும் ஒரே அளவில்தானே கசிய வேண்டும்?

சென்ற வாரம் இதற்கென்றே ஒரு முழு நாளை ஒதுக்கினேன். பேட்டரி, பில்ஜ் பம்ப் இரண்டுமே இன்ஜினுக்குப் பின்னால் தாழ்வான இடத்தில் இருப்பதால், முதலில் அடிக்குழியில் தேங்கியிருந்த நீரையெல்லாம் இறைத்து, துணியால் ஒற்றி எடுத்து, மண்டியிட்டு உட்காரும்படி இடத்தைச் சுத்தம் செய்துகொண்டேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 22 மில்லி ஆம்பியர் காட்டியது. பாட்டுப் பெட்டியின் நினைவகத்துக்குப் போகும் மஞ்சள் கம்பியைக் கழற்றியதும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஆகவே அதுதான் காரணம் என்று எண்ணி மகிழ்ந்தேன். ஆனால் ஒரு நண்பர் 22 மில்லி ஆம்பியரால் இவ்வளவு பெரிய பேட்டரி ஒன்பது நாளில் காலியாகாது என்று அடித்துச் சொல்கிறார். அந்தக் கம்பியைத் திரும்பவும் மாட்டிவிட்டேன்.

படகில் ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இன்ஜின் ஓடுகிறது. அணைத்தவுடன் பார்த்தால் பேட்டரி 12.9 வோல்ட் காட்டுகிறது. ஆகவே சார்ஜ் ஏறுவதில் குறையில்லை என்றே நினைக்கிறேன். பேட்டரி வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. புதிய பேட்டரி வாங்கிவிடலாமா, அல்லது கம்பிகள் அனைத்தையும் மாற்ற வேண்டுமா என்று வழி சொல்லுங்கள்.


கம்பிச்சுருள் எழுதியது:

வணக்கம் நண்பரே. இப்போதைக்கு எதையும் வாங்கவும் வேண்டாம், எந்தக் கம்பியையும் மாற்றவும் வேண்டாம். உங்கள் நண்பர் சொன்னது சரி. அதை எண்களாகவே பார்த்துவிடலாம்.

22 மில்லி ஆம்பியர் என்பது 0.022 ஆம்பியர். ஒன்பது நாளுக்கு 216 மணி நேரம். இரண்டையும் பெருக்கினால் 5 ஆம்பியர் மணிகூட வரவில்லை. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் அது இருபதில் ஒரு பங்கு. அதனால் இழப்பு தெரியவே தெரியாது. மறுபக்கம், ஓய்வில் இருக்கும் ஈய அமில பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும்; பாதி இருந்தால் சுமார் 12.2, 11.8க்குக் கீழே வந்துவிட்டால் ஏறத்தாழ காலி. நீங்கள் 11.7 பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பேட்டரி நிறைந்த நிலையில் கிளம்பியிருந்தால் ஒன்பது நாளில் 90 ஆம்பியர் மணியாவது வெளியே போயிருக்க வேண்டும். 90ஐ 216ஆல் வகுத்தால் 0.4 ஆம்பியருக்குச் சற்று மேல். அதாவது, பேட்டரி சொல்லும் கணக்கு மீட்டர் சொல்லும் கணக்கைப் போல் பத்தொன்பது மடங்கு. இந்த இரண்டில் ஒன்று முழு உண்மையைச் சொல்லவில்லை. எது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் எந்தக் கருவியைக் குறை சொன்னாலும் அது குருட்டடிதான்.

குடத்தில் தண்ணீர் குறைந்திருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். குடம் முதலிலேயே நிறையாமல் இருந்திருக்கலாம்; குடத்தில் ஓட்டை இருக்கலாம்; யாரோ மொண்டு குடித்திருக்கலாம். பேட்டரியிலும் இந்த மூன்றும் வெவ்வேறு நோய்கள். நீங்கள் மூன்றாவதை மட்டும் சோதித்திருக்கிறீர்கள்.

முதலாவதைப் பற்றி. இன்ஜினை அணைத்தவுடன் பார்க்கும் 12.9 வோல்ட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. சார்ஜ் ஏறி முடித்த கையோடு தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஒரு மின்னேற்றம் தங்கியிருக்கும். அது சில மணி நேரத்தில் அடங்கிய பிறகுதான் உண்மையான வோல்ட் தெரியும். பாதி காலியான பேட்டரிகூட அணைத்த மறுநிமிடத்தில் 12.9 காட்டும். ஈய அமில பேட்டரி முக்கால் பங்கு வரை வேகமாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல், இன்ஜினோடு சுழன்று சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மெதுவாகத்தான் ஏறும். கடைசிப் பங்குக்கு மட்டும் பல மணி நேரம் ஆகும். நாற்பது நிமிட ஓட்டத்தில் அது நடக்கவே நடக்காது. எனவே பேட்டரியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய், நல்ல சார்ஜரில் இரவு முழுவதும் ஏற்றுங்கள். ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டுமானால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் டெர்மினலிலேயே அளந்து பாருங்கள், 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் போதும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், பொறுமை மட்டும் போதும். முழுதாக ஏற்றிய பேட்டரியை எதிலும் இணைக்காமல் தனியாக வையுங்கள். முதல் நாள் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு அளவு, பிறகு நான்காம் நாள் ஒரு அளவு, ஒன்பதாம் நாள் ஒரு அளவு எடுத்துத் தாளில் எழுதுங்கள். நல்ல பேட்டரி 12.6க்குக் கீழே போகாது. தானாகவே இறங்கி 12.3, 12.2 என்று போனால் உள்ளே ஒரு செல் கெட்டுவிட்டது. ஆறு செல்களின் மூடியையும் திறந்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்: முழுதாக ஏறிய செல் 1.265 அளவில் நிற்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.05க்கு மேல் தாழ்ந்து நின்றால் குற்றவாளி அதுதான். பேட்டரியின் மேல்முகத்தில் உப்பும் அமிலமும் கலந்த ஈரம் படிந்திருந்தால் அதன் வழியாகவும் மின்சாரம் ஒழுகும். சமையல் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஒரு சொட்டுகூடச் செல்லுக்குள் இறங்காமல் மூடிகளை இறுக்கிக்கொண்டு செய்யுங்கள்.

இந்த இரண்டிலும் பேட்டரி தேறிவிட்டால், கசிவு வந்து வந்து போகிறது என்று பொருள். நீங்கள் அளந்த நாளில் அது இல்லை. அப்போது வேறு விதமாகத் தேடுவோம். முடிவை அவசியம் எழுதுங்கள்.


நங்கூரம் எழுதியது:

மேலே உள்ள பதிலுக்கு நான் சேர்க்க வேண்டியது மீட்டரைப் பற்றி மட்டும்தான். இதில் பலர் மீட்டரையும் எரித்து, விரலையும் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஆம்பியர் அளக்கும்போது சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுகிறோம். அளந்து முடித்ததும் அதை வோல்ட் துளைக்குத் திருப்பி மாற்ற மறந்து, அப்படியே பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். அது இல்லாத மலிவு மீட்டர் கையிலேயே வெடிக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். கேபிளைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும்; காற்றோட்டம் உண்டாக்கிய பிறகே பொறி பறக்கும் எந்த வேலையையும் தொடங்குங்கள். கையில் மோதிரம் வேண்டாம்.

முடிந்தால், கம்பியை வெளியே சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் டி.சி. அளக்கும் வகை ஒன்றை இரவல் வாங்குங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மட்டுமே அளக்கும்; அதைப் பேட்டரிக் கம்பியில் மாட்டினால் பூஜ்யம் காட்டி ஏமாற்றும். டி.சி. கிளாம்ப் இருந்தால் எந்தக் கம்பியையும் கழற்றாமலேயே அளக்கலாம். கசிவு வந்து போகும் வகை என்றால் இது மிகவும் முக்கியம், ஏனெனில் கம்பியைக் கழற்றி மாட்டும் அசைவிலேயே பழுது மறைந்துவிடுவதுண்டு.


கடல்வழியன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன், அதனால்தான் இரண்டு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை.

பேட்டரியைக் கழற்றி இரவு முழுவதும் சார்ஜ் செய்தேன். காலையில் சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்தது. அன்று மாலை 12.70. நான்காம் நாள் 12.68. ஒன்பதாம் நாள் 12.65. ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்களும் 1.260க்கும் 1.265க்கும் நடுவே நின்றன. மேல்முகத்தைச் சோடா நீரில் துடைத்தேன். அதிலிருந்து பெரிதாக எதுவும் வரவில்லை. இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 14.1 வோல்ட் இருக்கிறது. ஆக, பேட்டரிமேல் பழி சொல்ல வழியில்லை. நான் அவசரப்பட்டு மாற்றியிருந்தால் வீணாகியிருக்கும்.

பேட்டரியைத் திரும்ப மாட்டிய அன்று கிளாம்ப் மீட்டர் ஒன்றும் இரவல் கிடைத்தது. மாட்டுவதற்கு வசதியாக அன்றும் அடிக்குழியை இறைத்துத் துடைத்துவிட்டேன். மெயின் சுவிட்ச் அணைந்த நிலையில் பாசிட்டிவ் கேபிளில் கிளாம்பை மாட்டினால் 0.02 ஆம்பியர். முன்பு பார்த்த அதே அளவு. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். எண் அசையவே இல்லை. பிறகு வீடு திரும்பினேன். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் 12.27 வோல்ட்.

ஐந்து நாளில் ஏறத்தாழ பாதி காலி. மீட்டரை வைத்தால் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது. பம்ப் அடிக்கடி ஓடிக் காலி செய்கிறதோ என்று நினைத்தேன். ஆனால் அடிக்குழியில் சுமார் நான்கு விரல் நீர் தேங்கியிருந்தது, நீர் உயர்ந்தால் மிதந்து எழும்பிப் பம்பை ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்ச் இன்னும் மேலெழும்பவில்லை. பம்ப் ஓடியதற்கான அடையாளமே இல்லை.


கம்பிச்சுருள் எழுதியது:

நண்பரே, விடை உங்கள் எழுத்திலேயே இருக்கிறது. இரண்டு தடவையும் அளப்பதற்கு முன்னால் அடிக்குழியை இறைத்துத் துடைத்தீர்கள். இரண்டு தடவையும் மீட்டர் 22 மில்லி ஆம்பியர் காட்டியது. மழை பெய்த நாளில் பேட்டரி இறங்கியது. நீங்கள் அளந்தபோது நோயைத் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகு நாடி பார்த்திருக்கிறீர்கள்.

மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் உயிரோடு இருக்கும் கம்பிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். பாட்டுப் பெட்டியின் மஞ்சள் கம்பி ஒன்று, அதைக் கண்டுவிட்டீர்கள். மற்றொன்று பில்ஜ் பம்பின் கம்பி. ஆளில்லாத நேரத்தில் படகில் நீர் புகுந்தால் பம்ப் தானே ஓட வேண்டும் என்பதற்காக அதை மெயின் சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரியிலிருந்து கொண்டுவருவார்கள். அது சரியான முறை, மாற்றக் கூடாது. ஆனால் அதனாலேயே, பேட்டரியிலிருந்து ஃப்ளோட் சுவிட்ச் வரையிலான கம்பியில் இரவும் பகலும் 12 வோல்ட் நிற்கிறது. அந்தக் கம்பியை ஃப்ளோட் சுவிட்சின் வாலோடு இணைத்த இடம் எங்கே இருக்கிறது என்பதே என் கேள்வி. பெரும்பாலான படகுகளில் அது பம்புக்குப் பக்கத்திலேயே, குழியின் அடியிலேயே கிடக்கும். மழைநீர் மட்டும் என்றால் கசிவு சிறியதாக இருக்கும். ஆனால் உங்கள் சுழல்தண்டு வெளியேறும் இடத்தில் சொட்டும் கடல்நீரும் அதே குழிக்குத்தான் வருகிறது. உப்புநீர் நல்ல கடத்தி. பாசிட்டிவ் இணைப்பும் நெகட்டிவ் இணைப்பும் அந்த நீரில் ஒரு சாண் இடைவெளியில் மூழ்கிக் கிடந்தால், நடுவில் எந்தக் கருவியும் இல்லாமலேயே மின்னோட்டம் ஓடும்; ஃப்ளோட் எழும்பியிருக்க வேண்டிய தேவையே இல்லை. நீர் அந்த இணைப்பைத் தொடும் உயரத்துக்கும் ஃப்ளோட் எழும்பும் உயரத்துக்கும் இடையில் நிற்கும் நாட்களில்தான் உங்கள் பேட்டரி சாகிறது. எப்போதும் ஒரே அளவில் கசிய வேண்டாமா என்று முதலில் கேட்டீர்கள் அல்லவா? நீர்மட்டம் மாறுகிறது, கசிவும் மாறுகிறது.

இதைச் சரிபார்க்க எதையும் கழற்றாத ஒரு வழி உண்டு. பம்ப் கம்பியில் பேட்டரிக்கு அருகே ஒரு தகட்டு ஃபியூஸ் இருக்கும். அதன் தலையில் இரண்டு சிறு துளைகளில் உலோகம் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து இரு முனைகளையும் அந்தத் துளைகளில் வையுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸின் தடை சுமார் 7 அல்லது 8 மில்லி ஓம். ஆகவே ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியர் ஓடுவதைக் குறிக்கும். ஃபியூஸைப் பிடுங்காமல், மின்னோட்டத்தை ஒரு நொடிகூடத் தடுக்காமல் அளக்கும் முறை இது. வேறு எத்தனை ஃபியூஸ்கள் இருந்தாலும் ஒவ்வொன்றாக இப்படித் தொட்டுக்கொண்டே போனால் எந்தக் கிளையில் ஓட்டம் இருக்கிறது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதை நான் பேட்டரியைவிடப் பெரிதாக நினைக்கிறேன். குழிநீரில் கசியும் மின்னோட்டம் நெகட்டிவ் கம்பிக்கு மட்டும் போகும் என்று உறுதியில்லை. அதே நீரைத் தொடும் உலோகக் குழாய் முனையோ வால்வோ படகின் உடலைத் துளைத்து வெளியே கடலையும் தொட்டுக்கொண்டிருந்தால், மின்னோட்டம் உட்பக்கம் அதில் ஏறி, வெளிப்பக்கம் கடலில் இறங்கி, சுழல்தண்டு வழியாகத் திரும்பிவிடும். எந்த இடத்தில் உலோகத்தை விட்டு நீருக்குள் இறங்குகிறதோ அந்த இடத்தை அது தின்னும். சாதாரண அரிப்பு ஆண்டுக்கணக்கில் செய்வதை இந்த வகை அரிப்பு சில வாரங்களில் செய்துவிடும். மற்ற உலோகங்களைக் காப்பதற்காகத் தான் அரிபடும்படி பொருத்திய துத்தநாகக் கட்டி வழக்கத்தைவிட வேகமாகக் கரைகிறதா என்று பாருங்கள். நீருக்கடியில் உள்ள வால்வுகளைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் நலம், செம்பு போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் வெளியேறி உள்ளே பொக்காகிவிட்டது என்று பொருள். அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. படகைக் கரையேற்ற வேண்டும்.


கடல்வழியன் எழுதியது:

இன்று காலை விடிந்ததும் படகுக்குப் போய்விட்டேன். இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை.

அடிக்குழியில் மூன்று விரலுக்குச் சற்று மேல் நீர் நின்றது. மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. பம்ப் கம்பியின் ஃபியூஸ் 10 ஆம்பியர்தான். மீட்டரின் முனைகளை அந்தத் துளைகளில் வைத்ததும் 3.2 மில்லி வோல்ட். நீங்கள் சொன்ன கணக்குப்படி 0.4 ஆம்பியருக்கு மேல். பேட்டரி தன் கணக்கில் சொன்ன அதே அளவு! கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன், 0.43. இதில் 0.02 பாட்டுப் பெட்டிக்குரியது.

பிறகு டார்ச்சை நீருக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு இணைப்புகள் நீருக்கடியில் கிடந்தன. இரண்டிலும் சாதாரண கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. நெகட்டிவ் இணைப்பின் டேப் விளிம்பிலிருந்து ஊசி முனை அளவுக் குமிழிகள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் மேலே வந்துகொண்டிருந்தன. சோடா பாட்டிலைத் திறந்தால் சுவரோரம் எழும் குமிழிகளைப் போல அவ்வளவு பொடி. எத்தனையோ தடவை அந்தக் குழியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீர் நிற்கும்போது ஒளியை இவ்வளவு தாழ்வாகப் பிடித்துப் பார்த்ததில்லை. ஃபியூஸைப் பிடுங்கினேன். நான்கைந்து நொடியில் குமிழிகள் நின்றுவிட்டன. திரும்பச் சொருகினேன். மறுபடி வரத் தொடங்கின.

ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, நீரை இறைத்துவிட்டு, பாசிட்டிவ் இணைப்பின் டேப்பை உரித்தேன். உள்ளே கம்பி இருந்த இடத்தில் பச்சைக் கூழ். நாற்பது இழைகள் இருந்திருக்க வேண்டிய செம்புக் கம்பியில் ஆறேழு இழைகள்தான் மிச்சம். அவையும் தலைமுடி அளவுக்கு மெலிந்து, தொட்டதும் ஒடிந்தன. நெகட்டிவ் இணைப்பின் செம்போ புதிது போலப் பளபளப்பாக இருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பாசிட்டிவ் கம்பி முற்றிலும் அறுந்து, கசிவும் நின்று, பேட்டரியும் நன்றாகி, நானும் சிக்கல் தீர்ந்தது என்று நம்பியிருப்பேன். பம்ப் மட்டும் ஓடியிருக்காது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

உங்கள் எச்சரிக்கையைப் படித்த பிறகு வால்வுகளைச் சுரண்டிப் பார்த்தேன். இன்ஜினுக்குக் குளிர்நீர் எடுக்கும் வால்வு ஒன்றுதான் குழிநீரைத் தொடும் உயரத்தில் இருக்கிறது. உட்பக்கம் மஞ்சளாகவே இருந்தது. வெளிப்பக்கத்தைப் படகைக் கரையேற்றினால்தான் பார்க்க முடியும்; அதை அடுத்த வாரமே செய்யப் போகிறேன்.

இப்போது இணைப்பை எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள். கம்பியை இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன். தோலுக்கு உள்ளேயும் செம்பு கறுத்திருக்கிறது.


சுக்கான் எழுதியது:

கறுத்த கம்பியில் எவ்வளவு நல்ல இணைப்பைப் போட்டாலும் நிற்காது. நீர் இழைகளுக்கு நடுவே தோலுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும்; விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. பளபளப்பான செம்பு தெரியும்வரை ஒவ்வொரு விரற்கடையாக வெட்டிக்கொண்டே வாருங்கள். அரை மீட்டர் போனாலும் பரவாயில்லை. வெகுதூரம் கறுத்திருந்தால் ஃபியூஸ் வரை முழுக் கம்பியையும் மாற்றிவிடுங்கள்; வெள்ளீயம் பூசிய இழைகள் கொண்ட கடல் கம்பியாக வாங்குங்கள். வெள்ளீயம் பூசியது வெள்ளி நிறத்தில் இருக்கும், பார்த்தவுடன் தெரியும்.

இணைப்பு இருக்க வேண்டிய இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பம்பும் ஃப்ளோட் சுவிட்சும் நீளமான வாலோடுதான் வரும். அந்த வாலைச் சுருட்டிக் குழிக்குள் போடாமல், நேராக மேலே கொண்டுபோய், குழியில் நீர் எவ்வளவு உயர்ந்தாலும் எட்டாத இடத்தில் இணைத்து, சுவரில் கவ்வி வைத்துக் கட்டுங்கள். கம்பி இணைப்புக்கு வரும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் இறங்காது. இணைப்பைக் கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி), உட்புறம் பசை தடவிய சுருங்கு குழாயை மேலே போட்டுச் சூடாக்குங்கள். இரண்டு ஓரத்திலும் பசை வெளியே பிதுங்கி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே சூட்டை நிறுத்துங்கள். பசையில்லாத குழாய் டேப்புக்குச் சமம். முறுக்கி டேப் சுற்றுவது படகுக்கு ஆகவே ஆகாது.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்கப் படகுத் துறையில் பின்பற்றப்படும் ஏ.பி.ஒய்.சி. தரநிலை 7 அங்குலம், அதாவது சுமார் 18 சென்டிமீட்டர் என்கிறது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள கம்பிக்கு எந்தக் காவலும் இல்லை; அது குறுகியதாக இருப்பதே நல்லது.


கம்பிச்சுருள் எழுதியது:

சுக்கான் சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை. இன்னும் ஒன்று: அந்தப் பேட்டரி பலமுறை 11.7 வரை இறங்கிப் பல நாள் அப்படியே கிடந்திருக்கிறது. காலியாகக் கிடக்கும் நாட்களில் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். வோல்ட்டும் ஹைட்ரோமீட்டரும் சரியாகக் காட்டினாலும் கொள்ளளவு குறைந்திருக்கலாம். முழுதாக ஏற்றி, 12 வோல்ட் 60 வாட் பல்பு ஒன்றை எரியவிடுங்கள். அது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 10.5 வோல்ட் வரும்வரை எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பாருங்கள். புதிய பேட்டரி 20 மணி நேரம் தாங்க வேண்டும். 10.5 வந்ததும் நிறுத்தி உடனே சார்ஜில் போடுங்கள். இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டாம்.


கடல்வழியன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஃபியூஸ் முதல் பம்ப் வரை புதுக் கம்பி இழுத்துவிட்டேன். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்டது. இணைப்புகள் இரண்டும் இன்ஜின் அறையின் மேல்விளிம்புக்கு அருகே, கையால் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் இருக்கின்றன. பாட்டுப் பெட்டியின் மஞ்சள் கம்பியை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் மாற்றிவிட்டேன். வானொலி நிலையத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பெரிதில்லை.

படகைக் கரையேற்றிப் பார்த்ததில் குளிர்நீர் வால்வின் வெளிமுகம் ஒரு நாணயத்தின் அளவுக்கு இளஞ்சிவப்பாகியிருந்தது. ஆணியால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு வெண்கல வால்வு ஒன்றைப் பொருத்தினேன். பேட்டரி சோதனையில் பல்பு 16 மணி நேரம் எரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, இந்தப் பருவம் முழுவதும் இதையே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

படகை இறக்கிய பின், வேண்டுமென்றே இரண்டு வாளி கடல்நீரை அடிக்குழியில் ஊற்றி, ஃப்ளோட் எழும்புவதற்குச் சற்றுக் கீழே நிற்கும்படி விட்டுவிட்டு வந்தேன். ஒன்பது நாள் கழித்து நேற்றுப் போய்ப் பார்த்தேன். பேட்டரி 12.64 வோல்ட். ஃப்ளோட்டைக் கையால் தூக்கினேன். பம்ப் முழு வேகத்தில் ஓடி இரண்டு வாளி நீரையும் வெளியே தள்ளியது. அதற்கு முன், நீர் நின்றுகொண்டிருந்தபோதே, ஃபியூஸின் துளைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 0.0 மில்லி வோல்ட்.